சீஸ்காரனின் மூன்றாவது விரல்

சிரிக்கலாம், ஆனால் இப்போதே இல்லை. சிரிப்பு சங்கரலிங்கம் மாமாவின் தொண்டை வழியாக ஒவ்வொரு கரண்டியாக இறங்கிக்கொண்டிருக்கிறது, முழுக்க இறங்கி வயிற்றில் உட்காரும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் பாதியில் நிறுத்தி மீதியைத் தள்ளி வைத்துவிடுவார், அப்புறம் அது அரைச் சிரிப்பு, அரைச் சிரிப்புக்காக நான் இவ்வளவு பாடுபடவில்லை. அதனால் பொறுங்கள். நானே பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இந்தப் பதினாறு வயதுக்கு நான் எதையும் இவ்வளவு நேரம் பொறுத்ததில்லை, கணக்கு டீச்சர் "இலாரியா, வெளியே போ" என்று சொல்வதற்கு ஒரு நொடி முந்தி அதே மூக்கடைத்த குரலில் நானே சொல்லிவிட்டு வெளியே போகிற ஆள் நான். இலாரியா என்பது நான்தான். இளவெயினி என்று அப்பா வைத்த பெயர் இத்தாலியர்களின் வாயில் நுழையவில்லை, அவர்கள் பாவம், முயன்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மாமாவுக்கு நுழையும். நுழைந்தும் மூன்று நாளாகப் பாப்பா, ஏட்டி, அவ்வளவுதான். அப்பாவை அவர் சார் என்கிறார். தங்கையின் புருஷனை, மாப்பிள்ளை என்றோ மச்சான் என்றோ கூப்பிட வேண்டியவரை, சார் டீ குடிச்சாச்சா, சார் ஆபீஸ் போயாச்சா என்று, பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நிற்கிற மாதிரி. எனக்கு அந்தச் சார் வந்துவிட்டது, முதல் நாளே பிடித்துவிட்டேன், நாக்கைக் கொஞ்சம் தடிமனாக்கி, மரியாதைக்கு அடியில் ஒரு முழம் தூரத்தை வைத்துச் சொல்ல வேண்டும், சார். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, கண்ணாடியைக் குத்தலாம் போல வந்தது.

டூரினில் பழைய மோட்டார் ஆலை ஒன்றைக் காலி செய்து, உள்ளே முழுக்கத் தின்பதற்கு மட்டும் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள், ரொட்டிக்கு ஒரு அடுப்பு, மீனுக்கு ஐஸ் கொட்டிய ஒரு மேடை, பாஸ்தாவுக்கு ஒரு மூலை, சீஸுக்கு ஒரு சுவர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கடை, வாங்கிக்கொண்டும் போகலாம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். சனிக்கிழமை மத்தியானம், ஊரே இங்கேதான் இருக்கிறது, இரும்புக் கூரையில் பேச்சு மோதித் திரும்பி வருகிறது, என் தலைக்குள் எல்லாக் குரலும் ஒரே சமயத்தில் ஏறி உட்கார்ந்து எனக்கே என் குரலுக்கு இடமில்லை. நாங்கள் நான்கு பேர் காய்கறிச் சாப்பாட்டுக் கடையின் மேஜையில். எதிரே மாமா, அவர் பக்கத்தில் அம்மா, என் பக்கத்தில் அப்பா. மாமாவின் முதுகுக்குப் பின்னால் பன்றித் தொடைகள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன, உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்து மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி பொணவற கணக்கால்லா இருக்கு," என்றார், அம்மா பதறிப்போய், "வேற எடம் போவோம்ணே," என்றாள், "இருக்கட்டும்ளா, இவ்வளவு தூரம் வந்தாச்சு," என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பன்றிக்கு இவ்வளவுதான். அரை நிமிஷம் துண்டு. எங்கள் வீட்டுக்கு மூன்று நாள். இப்போது அந்தத் தொடைகளுக்குக் கீழே, நேற்று எது வைத்த தட்டு, எந்த மெஷினில் எதோடு கழுவிய தட்டு என்று ஒரு வார்த்தை கேட்காமல், குழைந்த மஞ்சள் சோற்றை வழித்து வழித்துச் சாப்பிடுகிறார். ரிசொத்தோ என்று சொன்னேன். "சோறுதான," என்றார். மேலே சீஸை உடைத்து உடைத்துப் போட்டுக்கொள்கிறார், காலையில் அவரே சுவைத்துப் பார்த்து வாங்கிய கட்டி, காகிதப் பொட்டலத்தில், மேஜை நடுவில். அந்தப் பொட்டலத்தைப் பாருங்கள். சிரிப்பு அதற்குள்தான் இருக்கிறது. பொறுங்கள்.

காலையில் சீஸ் வாங்கும்போது, ரெனாத்தோ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சீஸ் சுவருக்கு முன்னால் நிற்கிற தொப்பைக்காரர், வண்டிச் சக்கரம் போல ஒரு சீஸைப் பிளந்து, குட்டைக் கத்தியால் ஒரு சில்லு எடுத்து நீட்டினார். மாமா வாங்கவில்லை. "கேளு பாப்பா, இதுல முட்ட கெடக்கான்னு." கேட்டேன். இல்லை என்றார். "மீனு எதாச்சும்?" கேட்டேன், ரெனாத்தோ சிரித்தார், இல்லை. "அப்ப என்னதான் கெடக்குன்னு கேளு." ரெனாத்தோ கத்தியைக் கீழே வைத்தார், கையை உயர்த்தினார், ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார், அடிவயிற்றிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறி இறங்குகிற குரல், "லாத்தே. சாலே. கால்யோ." மூன்று விரல். பால், உப்பு, அப்புறம் கால்யோ. கால்யோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீஸ் ஆலைக்குக் கூட்டிப்போனார்கள், செப்பு அண்டாவில் பால் கதகதப்பாக இருந்தது, ஒரு ஆள் ஒரு குவளைத் தண்ணீரை அதில் விட்டுக் கலக்கினார், கால் மணி நேரத்தில் பால் அப்படியே உறைந்து நின்றது, அது என்ன தண்ணீர் என்று என் வகுப்பு ஜூலியா கேட்டாள், தாய்ப்பால் மறக்காத கன்றுக்குட்டியின் இரைப்பை என்றார், அறுத்து, உலர்த்தி, ஊறவைத்து. ஜூலியா அழுதாள். நான் அவள் அழுகையை அப்படியே செய்து காட்டினேன், வகுப்பு முழுக்கச் சிரித்தது. அப்போது மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மூன்று நாளில் முதல் தடவையாக அந்த ஆளுடைய வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் நான் மட்டும் நிற்கிறேன், வாசல்காவல் மாதிரி, என் நாக்கைத் தாண்டாமல் எதுவும் உள்ளே போக முடியாது. "பசும்பால் மாமா," என்றேன். "உப்பு. அவ்வளவுதான்." மாமா ரெனாத்தோவின் கையை ஒரு தடவை பார்த்தார். விரல்கள் இன்னும் இறங்கவில்லை. அப்புறம் சில்லை வாங்கி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "பாலுன்னா இதுல்லா பாலு," என்றார். பால் பண்ணையில் முப்பத்தோரு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், பால் விஷயத்தில் எங்க அண்ணனை யாரும் ஏமாத்த முடியாது என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள், நான் ஏமாற்றினேன், இரண்டு விரலால்.

வயிறு சரியில்ல. அவர் எங்கள் வீட்டில் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அதுதான் அதிகம். வயிறு சரியில்லளா. பிரயாணம்லா, வயிறு கடமுடாங்குது. முதல் நாள் ராத்திரி வாழைப்பழம் இரண்டு, தோலோடு வாங்கி அவரே உரித்து. காலையில் பெட்டிக்குள்ளிருந்து அவல் பாக்கெட், கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர், அவர் கொண்டுவந்த டம்ளர். எங்கள் டம்ளரைத் தொடவில்லை, தொட வேண்டி வந்தபோது துண்டின் முனையால் தள்ளினார், அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார், பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு குப்பை போடப் போனார், குப்பை இல்லை, வெறும் பையை எடுத்துக்கொண்டு போனார். அப்பா வேறு சாதி. தங்களுக்குக் கீழே என்று மாமா வீட்டில் வைத்திருக்கிற சாதி. ஆனால் அதைச் சொல்ல மாட்டார்கள், சொல்வது வேறு, அம்மா அப்பாவைக் கட்டி ஏழு வருஷம் பேசாமலிருந்த மாமா முதன்முதலில் போன் செய்தபோது சொன்னது எனக்கு அப்படியே வரும், அப்போது எனக்கு ஐந்து வயது, ஸ்பீக்கரில் போட்டு அம்மா கேட்டாள், "சாதியெல்லாம் இந்தக் காலத்துல யாருளா பாக்கா. சாப்பாட்டு விசயம்தான் இடிக்கு. நாம பரம்பரையா சைவம். நீ மீன் வைக்க அடுப்புல வச்சத நான் எப்படிச் சாப்பிட முடியும், நீயே சொல்லு." அம்மா நியாயம்தானே என்றாள். அன்றைக்கே மீனை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அம்மா மீன் தின்னப் பழகினாளாம், அப்பாவின் அம்மா வறுத்த நெத்திலியில் ஆரம்பித்து, கருவாட்டில் பைத்தியமாகி, அப்பா சொல்வார், உங்கம்மா மண்டையைக்கூட விடமாட்டா. நிறுத்திவிட்டாள். பதினோரு வருஷம். அப்பா ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவார். இந்தத் தடவை மாமா வருகிறார் என்றதும் அடுப்பே புதிது, ஏனம் முழுக்கப் புதிது, சட்டி, கரண்டி, ஜல்லடை, எல்லாவற்றிலும் கடை ஸ்டிக்கரைப் பாதி பிய்க்காமல் விட்டு வைத்திருக்கிறாள், அவர் பார்க்க வேண்டுமாம். நேற்று சொதி வைத்தாள். அம்மா வீட்டுப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதிதான் போடுவார்களாம், பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் போட்டு, பக்கத்தில் இஞ்சித் துவையல், அம்மாவுக்கு யாரும் போடவில்லை, பஸ் ஏறி ஓடிப்போனவளுக்கு யார் போடுவார்கள், அதனால் பதினெட்டு வருஷம் கழித்து அவளுக்கு அவளே போட்டுக்கொள்கிற மாதிரி, உறைந்துபோன முருங்கைக்காயை இலங்கைக்காரர் கடையில் வாங்கி. இலை போட்டாள். மாமா இலையைப் பார்த்தார். வயிறு சரியில்லளா. அம்மா அந்தச் சொதியைப் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் நின்றாள், ஃபிரிட்ஜ் கீச்சுக் கீச்சென்று கத்தியது, அந்தக் கீச்சும் எனக்கு வரும், இப்போதும் காதில் அதுதான்.

அவர் குரலை மட்டும் நான் வெளியே எடுப்பதில்லை. எடுத்தேன், ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு வயதில், அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், வாயில் துண்டை வைத்து, வீட்டு போனுக்கு அடித்தேன், "ஏளா வடிவு, நல்லாருக்கியா," என்று. வடிவு என்று அம்மாவைக் கூப்பிட உலகத்தில் அந்த ஒரு ஆள்தான் பாக்கி. அம்மா நம்பர்கூடப் பார்க்கவில்லை. அண்ணே என்றாள், அந்த ஒரு வார்த்தையில் அவள் குரல் பத்து வயதுக்குப் போய்விட்டது, அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்த முடியாது, நாக்கு ருசி கண்டுவிட்டது, "அடுத்த மாசம் வாரேம்ளா, ஒன் கையால சாப்பிடணும்னு இருக்கு," என்றேன். போனை வைத்தேன். அப்புறம் நான் கதவைத் திறந்து வெளியே வந்து சிரிக்கலாம் என்று பார்த்தால், அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அலமாரியின் அடித்தட்டைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, முகம் சிரிக்கிறது, இளா, மாமா வாராங்களாம்டி. நான் சொல்லவில்லை. இரண்டு நாள். மூன்றாம் நாள் அவளே மாமாவுக்கு போன் செய்து எந்தத் தேதி என்று கேட்டு, அவர் பேசவே இல்லை, பேசியது நான் என்று தெரிந்துகொண்டாள். அடிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அது என்ன பார்வை என்று நான்கு வருஷமாகக் கண்ணாடியில் செய்து பார்க்கிறேன், வரவில்லை. இப்போது அதே பயம், ஏனென்றால் இன்றைக்கு ஒரு ராத்திரி மிச்சமிருக்கிறது. காலையில் காரில் வரும்போது அம்மா, "இன்னைக்கு ராத்திரியாச்சும்ணே," என்றாள், மாமா, "பாப்பம்," என்றார். பாப்பம் என்பது மறுப்பு இல்லையே என்று அம்மா என் காதில் சொன்னாள், என் காதில், நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளை ஏமாற்றிய ஆளின் காதில். நான் இப்போது கன்றுக்குட்டியை எடுத்து மேஜையில் போட்டால் அந்தப் பாப்பம் செத்துப்போகும், கோபத்தில் இந்த நிமிஷமே கிளம்பி ஹோட்டலில் போய்ப் படுத்துக்கொள்வார், அம்மா என்னை அந்தப் பார்வை பார்ப்பாள். போடாமல் விட்டால் அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டுவார், நான் வெடிப்பேன். ராத்திரி சாப்பிட்டால் விட்டுவிடுவேன். சத்தியமாக. ஒரு கரண்டி சொதி, அம்மா கையால், சாப்பிட்டால் போதும், கன்றுக்குட்டியை நான் சாகும்வரை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வேன். ரெனாத்தோவின் குரல் தொண்டையில் தயாராக நிற்கிறது, லாத்தே, சாலே, இரு, இரு, மாமா இன்னொரு துண்டை உடைக்கிறார்.

அம்மா அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டு ஆறிப்போய்விட்டது. எத்தனையோ வருஷம் கழித்து அண்ணன் சாப்பிடுவதைப் பார்க்கிறாள், யார் சமைத்தால் என்ன என்பது போல ஒரு முகம், எனக்கு அந்த முகத்தை இரண்டு கையாலும் மூட வேண்டும் போலிருக்கிறது. அப்பா தலையைத் தூக்காமல் கத்தரிக்காயைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறார், போட்ட துண்டையே மறுபடியும் துண்டாக. "இவனுவ சுத்தமா வச்சிருக்கானுவ வடிவு," என்றார் மாமா, கரண்டியால் ஆலை முழுவதையும் ஒரு சுற்றுக் காட்டி, பன்றித் தொடைகளையும் சேர்த்து. "மனசுக்குத் திருப்தியா இருக்கு. இல்லயா சார்." அப்பா ஆமாம் என்றார். அம்மா அந்தத் திருப்தியைப் பிடித்துக்கொண்டாள், இதுதான் சமயம் என்று நினைத்துவிட்டாள், கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, ராத்திரிக்குச் சொதி புதுசா வைக்கேன். ஏனம் அத்தனயும் புதுசுண்ணே, ஸ்டிக்கர்கூடப் பிக்கல. அடுப்பும் புதுசு. அந்த வீட்டுக்குள்ள மீன் வந்து பதினோரு வருசம் ஆச்சு, இளாட்ட கேளுங்க." அம்மா ஒரு சமையல்காரி வேலைக்கு மனுப்போடுகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறாள். மாமா மென்றுகொண்டே அவளைப் பார்த்தார். "வேண்டாம்ளா. வயிறு சரியில்ல. இதே கனமா இருக்கு, ராத்திரி ஒண்ணும் எறங்காது." சொல்லிவிட்டுப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மாமா," என்றேன். என் குரலில் இல்லை. ரெனாத்தோவின் குரலில், அடிவயிற்றிலிருந்து, பக்கத்து மேஜைக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தினேன். "லாத்தே. சாலே." இரண்டு விரல். மூன்றாவதையும் நிமிர்த்தினேன். "கால்யோ. அவர் மூணு சொன்னார், நான் ரெண்டுதான் சொன்னேன். மூணாவது கன்னுக்குட்டி மாமா. பால்குடி மறக்காத கன்னை அறுத்து, அதோட இரைப்பையை ஊறவச்ச தண்ணி. அதை ஊத்தித்தான் இந்தப் பாலை உறைய வைக்காங்க. காலையிலேர்ந்து நீங்க தின்னது அதுதான்." அப்பாவின் கத்தி நின்றது. "ஏட்டி," என்றாள் அம்மா, "என்னட்டி சொல்லுத," அவள் கை தன்னால் நீண்டு மாமாவின் தட்டைப் பிடித்து இழுத்தது, விஷத்தை இழுப்பது போல, முகம் வெளிறிவிட்டது, அண்ணே துப்பிருங்க, துப்பிருங்கண்ணே. இதோ, இப்போது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குமட்டலுக்கு, துண்டுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்கு. மாமா வாயிலிருந்ததை நிதானமாக மென்றார். விழுங்கினார். தட்டை அம்மாவின் கையிலிருந்து மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"தெரியும்ட்டி," என்றார்.

எனக்குக் கேட்டது, புரியவில்லை. "முப்பத்தோரு வருசம் பாலுக்குள்ளயே கெடந்தவன். அந்தக் கன்னுக்குட்டித் தண்ணி, ரென்னட்டு, அது போடாம இந்தக் கட்டி எப்படி வரும்? அந்தத் தொப்பக்காரன் மூணு வெரல் காட்டுனான், நீ ரெண்டு சாமான் சொன்ன. நான் எண்ணாமலா நின்னேன்?" அவருக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், "கெட்டிக்காரிதான்ளா ஒம் மவ. அவன மாதிரியே பேசுதா." என் கை இன்னும் உயர்ந்தே இருந்தது, மூன்று விரலோடு, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரெனாத்தோ என் தொண்டையைவிட்டுப் போய்விட்டார், மிச்சமிருந்தது ஏதோ கீச்சென்ற குரல், என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். "தெரிஞ்சா தின்னீங்க?"

"வந்த எடத்துல அதெல்லாம் பாக்க முடியுமாட்டி. வெளியூருக்குத் தோசம் கெடயாது." கடைசித் துண்டை எடுத்துக் காகிதத்தை மடித்தார்.

 மடித்த காகிதத்தை அம்மா பார்த்தாள். மாமாவின் தட்டைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி, அவருடைய முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த தொடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள், கடையில் எதையோ தேடி வந்தவள் போல. "எங்க வீடும் வெளியூருதான்ணே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "இங்கேருந்து கார்ல இருவது நிமிசம்." மாமாவின் தாடை நின்றது. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பப் போட்டார். அவர் பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. "அப்ப இடிச்சது மீன் இல்ல," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லை. "அடுப்பும் இல்ல. ஏனமும் இல்ல." ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துக் கீழே வைக்கிற மாதிரி. அப்புறம் அப்பாவைப் பார்த்தாள், ரொம்ப நேரம், அப்பா கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஓசைப்படாமல் வைத்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா, "பதினோரு வருசம் நெத்திலி திங்காம இருந்துருக்கேங்க," என்றாள், சொல்லும்போதே உதடு கோணியது, அழப்போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன், ஆனால் வந்தது அது இல்லை, அடியிலிருந்து ஒரு சத்தம், எனக்குப் பழக்கமில்லாத சத்தம், நெத்திலிங்க, நெத்திலி, என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்தாள்.